பிரண்டைத் துவையலும் நாக்கு அரிப்பும்

வணக்கம். மாடித் தொட்டியில் வைத்த பிரண்டை கம்பியெங்கும் படர்ந்துவிட்டது. கையில் கிடைத்த தண்டையெல்லாம் கத்தியால் நறுக்கி, இரண்டு நிமிடம் வதக்கி, கொஞ்சமாகப் புளி வைத்துத் துவையல் அரைத்தேன். பிள்ளைகளுக்கு நாக்கு அரித்து, இனி தொடவே மாட்டோம் என்கிறார்கள். எங்கே தவறினேன்? தினமும் சாப்பிட்டால் எலும்புக்கு நல்லது என்பது உண்மையா?
— ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

தண்டுக்குள் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. அவை குத்துவதால்தான் அரிப்பு. தண்ணீரில் கரையாதவை என்பதால் எத்தனை முறை அலசியும் பயனில்லை.

நுனியிலிருந்து மூன்று, நான்கு கணுக்கள் வரை மட்டும் பறியுங்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் முற்றல், விட்டுவிடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுக்களை ஒடித்து எறியுங்கள். ஒடிக்கும்போதே விளிம்பு நார் இழையாகத் தொங்கும். அதைப் பிடித்து நான்கு பக்கமும் அடிவரை உரிக்க வேண்டும். கத்தியால் நறுக்கினால் இந்த நார் உள்ளேயே தங்கிவிடும்.

சுத்தம் செய்த தண்டு இரண்டு கைப்பிடிக்கு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். எண்ணெயில் சிக்கனம் பார்க்காதீர்கள். முதலில் இரண்டு கரண்டி உளுந்தையும் ஆறு மிளகாய் வற்றலையும் வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பிரண்டையைச் சிறு தீயில் பத்து நிமிடமாவது வதக்குங்கள். பச்சை நிறம் முழுக்க மாறி, தண்டு சுருங்க வேண்டும். ஒரு துண்டை எடுத்து மென்று பாருங்கள். நாக்கு சுணைத்தால் இன்னும் வதக்குங்கள். பெரிய நெல்லிக்காய் அளவு புளி, பத்துச் சின்ன வெங்காயம், பெருங்காயம், உப்பு. பிள்ளைகளுக்கு முதல் தடவை தேங்காயைத் தாராளமாகச் சேர்த்து, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே அரைத்த துவையலைக் கொட்ட வேண்டாம். புளிக்கரைசலும் எண்ணெயும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை தொக்காகக் கிளறுங்கள். அதையும் ருசி பார்த்துவிட்டே பரிமாறுங்கள்.

எலும்பு விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கால்சியத்துக்காகவே பிரண்டையைத் தேடுகிறார்கள். ஆக்சலேட்டோடு பிணைந்த கால்சியத்தை உடல் அதிகம் எடுத்துக்கொள்வதில்லை. மருந்தாக நினைத்துத் தினமும் விழுங்காமல், ருசிக்காக வாரம் ஒரு நாள் வையுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

முற்றிய கொடியை இரண்டு மூன்று கணுவோடு வெட்டி வேறு தொட்டியில் நடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கிள்ளக் கிள்ளத்தான் இளந்தண்டு வரும்.