தோலைச் சீவிவிட்டுப் பிழியுங்கள்: மது சேராத எலுமிச்சைக் காக்டெயில் – கேள்வி பதில்

பத்து வருடங்களுக்கு மேல் ஒரு ஹோட்டலின் பானப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். இப்போது வீட்டில், உறவினர் விசேஷங்களுக்கு மட்டும் செய்கிறேன். மது சேர்க்காமல் எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை வகைகளில் காக்டெயில் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு என் கைப்பழக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): அக்கா, கடையில் குடித்த மது இல்லாத மொஜிட்டோ அவ்வளவு நன்றாக இருந்தது. வீட்டில் அதே புதினா, அதே எலுமிச்சை, அதே சோடாதான் போடுகிறேன். ஆனால் சாதாரண லெமன் ஜூஸ் போலத்தான் வருகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: தங்கச்சி, நீங்கள் சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தோலைக் குப்பையில் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்புதான். எலுமிச்சைக்கு உரிய மணம் தோலின் மேற்பரப்பில் இருக்கும் எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. ஒரு துண்டுத் தோலை விளக்குத் திரிக்கு அருகில் வைத்து மடித்துப் பிழிந்து பாருங்கள். சிறு பொறிகள் தெறிக்கும். அந்த எண்ணெய் உங்கள் கோப்பைக்குள் இறங்கவில்லை என்றால் பானத்தில் உயிர் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. மது உள்ள காக்டெயிலில் மணத்தைத் தூக்கிக் காட்டுவதும், நாக்கில் ஒரு காரத்தைத் தருவதும், விழுங்கிய பிறகும் சுவையை நிற்க வைப்பதும் அந்த மதுதான். அதை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகிறது. பெரும்பாலோர் அங்கே சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். அதனால்தான் திகட்டுகிறது. துவர்ப்போ கசப்போ காரமோ அங்கே வர வேண்டும். துவர்ப்புக்குக் கட்டித் தேநீர், காரத்துக்கு இஞ்சி அல்லது மிளகு, கசப்புக்குத் தோல்.

புதினாவை இடித்துக் கூழாக்காதீர்கள், பச்சை வாடை வந்துவிடும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு முறை தட்டிப் போட்டால் போதும்.

கேள்வி (கோயம்புத்தூர்): தோலின் மணத்தைப் பானத்தில் எப்படி இறக்குவது? அளவோடு சொல்ல முடியுமா?

பதில்: இதைத்தான் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 8 எலுமிச்சை, 1 கமலா ஆரஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், கடைப் பழங்களில் மெழுகு பூசியிருக்கலாம். சாறு பிழிவதற்கு முன்பே காய் சீவும் கத்தியால் தோலை மெல்லிசாகச் சீவுங்கள். வெள்ளைச் சதை எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவு நல்லது. அதனுடன் 200 கிராம் சர்க்கரை சேர்த்து, உலக்கையால் இடிப்பது போல ஓங்காமல், குழவியால் மெதுவாக அழுத்தித் தேயுங்கள். மூடி வைத்து 6 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

திறந்து பார்க்கும்போது சர்க்கரை ஈர மணல் போல இளகி, தோல் சுருங்கிப் பளபளவென்று கிடக்கும். எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். 150 மில்லி வெந்நீர் ஊற்றிக் கரைத்து வடிகட்டினால் ஏறக்குறைய 275 மில்லி பாகு கிடைக்கும். அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம், மணம் ஆவியோடு போய்விடும். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் கவலையில்லை.

இனி ஒரு கோப்பைக்கு: ஆறிய நீலகிரித் தேநீர் 60 மில்லி, தோல் பாகு 25 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, உப்புக் கரைசல் 2 சொட்டு. உப்புக் கரைசல் என்பது ஒரு பங்கு உப்புக்கு நான்கு பங்கு தண்ணீர். பனிக்கட்டியோடு 15 விநாடி குலுக்கி வடிகட்டி, மேலே 60 மில்லி சோடா. தேநீருக்கு 200 மில்லி வெந்நீரில் 2 தேக்கரண்டித் தூள் போட்டு 4 நிமிடம் ஊறவிட்டு வடித்தால் போதும், கொதிக்க வைக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு விழுந்தவுடன் தேநீரின் கருஞ்சிவப்பு வெளுத்துத் தேன் நிறத்துக்கு வருவதைக் கவனியுங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

கேள்வி (பெங்களூரிலிருந்து ஒருவர்): வெளிநாட்டுச் செய்முறையில் ‘ஒரு லெமன்’ என்று போட்டிருக்கிறது. நம் எலுமிச்சை ஒன்றைப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் எண்ணிக்கை சரிவராது. அவர்கள் லெமன் என்பது பெரிய மஞ்சள் பழம், ஒன்றில் 40 மில்லிக்கு மேல்கூடச் சாறு வரும். புளியங்குடிப் பக்கமிருந்து நம் சந்தைக்கு வரும் எலுமிச்சை அவர்கள் லைம் என்று சொல்லும் இனம். ஒன்றில் 20 மில்லி கிடைத்தால் நல்ல பழம். பழங்களை எண்ணாமல் மில்லியில் அளந்து ஊற்றுங்கள். மருந்துப் பாட்டிலோடு வரும் அளவுமூடியே போதும்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகி): சாத்துக்குடிச் சாறு பிழிந்தவுடன் இனிப்பாக இருக்கிறது. விருந்தினர் வருவதற்குள் கசந்துவிடுகிறது. பழம் கெட்டதா?

பதில்: பழத்தின் மேல் குற்றம் இல்லை. விதையிலும் சுளைத் தோலிலும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழியும்போது அது சாற்றின் அமிலத்தோடு கலந்து, சில மணி நேரத்தில் லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. மிக்ஸியில் விதையோடு அரைத்தால் இன்னும் மோசம்.

இந்தப் பாடத்தை நான் என் தங்கை நிச்சயதார்த்தத்தில் கற்றேன். காலையில் நேரம் இருக்காது என்று முந்தைய இரவே 5 லிட்டர் சாத்துக்குடிச் சாறு பிழிந்து வைத்தேன். காலையில் ஒரு வாய் வைத்தபோது வேப்பங்கொழுந்து மென்றது போல இருந்தது. எவ்வளவு சர்க்கரை போட்டும் அந்தக் கசப்பு அடங்கவில்லை, மொத்தத்தையும் கொட்டினேன். சாத்துக்குடியைப் பரிமாறும் நேரத்தில்தான் பிழிய வேண்டும். கையால், மென்மையாக, விதை நசுங்காமல். எலுமிச்சைச் சாறு 4 மணி நேரம் வரை தாங்கும்.

கேள்வி (சேலம்): குலுக்குவதற்கான ஷேக்கர் இல்லை.

பதில்: இறுக்கமான மூடியுள்ள அகலவாய்ப் பாட்டில் போதும். எவர்சில்வரோ தடித்த கண்ணாடியோ இருக்கட்டும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் எலுமிச்சைச் சாற்றை வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். சோடாவை மட்டும் ஒருபோதும் உள்ளே ஊற்றிக் குலுக்க வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): சோடா ஊற்றியவுடன் பொங்கி அடங்கிவிடுகிறது. குடிக்கும்போது விறுவிறுப்பே இல்லை.

பதில்: சூடுதான் காரணம். வாயு குளிர்ந்த நீரில்தான் கரைந்து நிற்கும். சோடாவைக் குறைந்தது 4 மணி நேரம் குளிரவையுங்கள், கோப்பையையும் குளிரவையுங்கள். சாய்த்த கோப்பையின் ஓரமாக மெதுவாக ஊற்றி, கரண்டியை அடியில் விட்டு ஒரு முறை தூக்கினால் கலந்துவிடும்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் வீட்டில் மது ஒரு துளிகூடக் கூடாது. ‘பிட்டர்ஸ் சில சொட்டு’ என்று பல செய்முறைகளில் வருகிறது. அது பரவாயில்லையா சகோதரி?

பதில்: கேட்டது மிகவும் நல்லது. பிட்டர்ஸ் என்பது மூலிகைகளை மதுவில் ஊறவைத்து எடுப்பது. பெயர் பெற்ற அங்கஸ்டூரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் மது இருக்கிறது. சில சொட்டுதானே என்று பலர் மது இல்லாத பானத்தில் போட்டுவிடுகிறார்கள். விரதம் காப்பவருக்கும், மார்க்க நெறிப்படி விலக்குபவருக்கும், குடியிலிருந்து மீண்டு வந்தவருக்கும் அதைத் தெரிவிக்காமல் கொடுப்பது நம்பிக்கைத் துரோகம். வெனிலா எசன்ஸ் போன்றவற்றையும் லேபிளைப் படித்த பிறகே வாங்குங்கள். பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை மது இருந்தாலும் ‘மது இல்லாதது’ என்று எழுத அனுமதி உண்டு. ஒரு துளியும் வேண்டாம் என்பவர் 0.0 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கசப்புக்கு மாற்று நம் கையிலேயே இருக்கிறது. காய்ந்த நாரத்தைத் தோல் ஒரு கைப்பிடி, 2 கிராம்பு, சிறு துண்டு பட்டை. 250 மில்லி தண்ணீரில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடியுங்கள். ஒரு கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி போதும்.

கேள்வி (தஞ்சாவூர்): அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். 40 பேர் வருகிறார்கள். எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: தலைக்கு 2 கோப்பை, ஆக 80. மேலே சொன்ன அளவின்படி எலுமிச்சை 80, கமலா ஆரஞ்சு 8, சர்க்கரை ஒன்றரைக் கிலோ, தேநீர் 5 லிட்டர், சோடா 5 லிட்டர். தோல் சீவ 60 எலுமிச்சை போதும், ஆனால் சாற்றுக்கு 80ம் வேண்டும். பனிக்கட்டியில் கை சுருக்காதீர்கள், 20 கிலோ வாங்குங்கள். பாகை முந்தைய நாளே செய்யலாம். தேநீரையும் பாகையும் காலையில் கலந்து குளிரவைத்து, சாற்றை விருந்துக்குச் சற்று முன் சேருங்கள். சோடா கோப்பையில்தான்.

கேள்வி (அதே வாசகர்): அப்பாவுக்குச் சர்க்கரை நோய், ரத்தக் கொழுப்புக்கு மாத்திரையும் சாப்பிடுகிறார்.

பதில்: அவருடைய கோப்பையில் பாகை 5 மில்லியாக்குங்கள். கூடவே சாற்றையும் 8 மில்லியாகக் குறைத்தால்தான் சமன் வரும், பலர் இதை மறந்துவிட்டுப் புளிக்கிறது என்பார்கள். சோடாவும் இஞ்சித் துண்டும் கூடட்டும். தேனோ கருப்பட்டியோ போட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்ப வேண்டாம். கிரேப்ஃப்ரூட்டும் பம்ப்ளிமாஸும் சில கொழுப்பு மாத்திரைகளின் அளவை உடலில் ஏற்றிவிடும். அவற்றை அவருக்குக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (கும்பகோணத்திலிருந்து ஒரு பாட்டி): நாங்கள் ராம நவமிக்குக் கரைக்கும் பானகமும் இந்தக் கணக்கில் வருமா, அம்மா?

பதில்: வரும் பாட்டி, முதல் வரிசையிலேயே வரும். வெல்லம் இனிப்பு, எலுமிச்சை புளிப்பு, சுக்கு காரம், ஏலக்காய் மணம். நான் மேலே இவ்வளவு நீட்டிச் சொன்ன சமன் உங்கள் பித்தளைச் சொம்புக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனால் எலுமிச்சை பிழிந்த பிறகு ஈயம் பூசாத பித்தளையில் வைக்காதீர்கள். பரிமாறும்போது எலுமிச்சைத் தோலை ஒரு விரல் நீளம் சீவி, ஒவ்வொரு கோப்பையின் மேலும் மடித்துப் பிழிந்து, விளிம்பைச் சுற்றித் தடவி உள்ளே போட்டுப் பாருங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் இன்னொரு கோப்பை கேட்பார்கள்.

கேள்வி (ஈரோடு): பாகு வடித்த பிறகு மிஞ்சும் தோலை என்ன செய்வது?

பதில்: நிழலில் இரண்டு நாள் உலர்த்திச் சர்க்கரையில் புரட்டிப் பாட்டிலில் போட்டு வையுங்கள். மாலைத் தேநீரோடு மெல்ல நன்றாக இருக்கும். என் வீட்டில் அது மூன்று நாளுக்கு மேல் இருந்ததில்லை.