“இவனுக்கு இன்னா பொழப்பு?”

கேள்வி: சமீபத்தில் பார்த்த படங்கள், தொடர்கள் பற்றி உங்கள் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். அதற்கு முன்னால் என் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் தண்டையார்பேட்டை. அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டினவர். சின்ன வயதில் என்னை அகஸ்தியா தியேட்டருக்குக் கூட்டிப் போவார். படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் என் பக்கம் குனிந்து, “இவனுக்கு இன்னா பொழப்பு?” என்று கேட்பார். திரையில் வரும் ஆள் என்ன வேலை செய்கிறான், அவன் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குப் படம் ஒட்டாது. 2020-இல் அந்தத் தியேட்டரை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து அதையே கேட்கிறார். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

இந்த இரண்டு வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, 2025 மே மாதம் வந்தது. இலங்கையில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் படகேறி வரும் ஒரு குடும்பம். சென்னையில் குடியேறும்போது, “உங்கள் தமிழை வெளியில் பேசாதீர்கள்” என்று மனைவியின் தம்பியே எச்சரிக்கிறார். சசிகுமாரும் சிம்ரனும் அதைக் கேட்டு நிற்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாரிமுனைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது, “போன் எடுத்தால் ஏரியா பாஷை வேண்டாம்மா” என்று சொன்னார்கள். இரண்டு வருடம் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசினேன். வீட்டில் ஒருநாள் “என்ன வேண்டும்?” என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னை அப்படியே பார்த்தார். சொந்த மொழியைப் பல்லுக்குப் பின்னால் அடக்கி வைத்துக்கொண்டு பிழைப்பது எப்படி இருக்கும் என்று அந்தப் படம் எடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாம் பாதியில் தெருவில் எல்லோரும் நல்லவர்களாக மாறுவது கொஞ்சம் அவசரம்தான். இருந்தாலும் இரண்டு முறை பார்த்தேன்.

பாஷை பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். வடசென்னை என்றால் இன்னமும் பல படங்களில் கஸ்மாலம், பேமானி என்று எழுதுகிறார்கள். என் தெருவில் இருபது வயதுப் பிள்ளைகள் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வசனம் எழுதுகிறவர்கள் ஒருநாள் கல்மண்டபம் மார்க்கெட்டில் நின்று காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

‘குடும்பஸ்தன்’ கோயம்புத்தூர்க் கதை. ஆனால் அப்பாவுக்கு அது எங்கள் தெருக் கதைதான். மணிகண்டன் வேலையை இழந்துவிட்டு, வீட்டில் சொல்லாமல், கடன் மேல் கடன் வாங்குகிறார். அப்பா கேள்வியே கேட்காமல் கடைசி வரை பார்த்த படம் அது. குரு சோமசுந்தரம் போன்ற ஒரு மாப்பிள்ளை எல்லா வீட்டிலும் இருக்கிறார்.

‘மாவீரன்’ 2023-இல் வந்தது. புதிய படம் இல்லைதான், ஆனால் போன மாதம் சித்தி வந்திருந்தபோது மறுபடி போட்டோம். குடிசைப் பகுதியிலிருந்து மக்களைக் கிளப்பி, தொட்டால் உதிரும் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைப்பதுதான் கதை. 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் பூச்சு உதிர்ந்ததைச் செய்தியில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் புதிதாக இருக்காது. முதல் பாதி அவ்வளவு உண்மை. ஆனால் சித்தி சொன்னது வேறு. அவருக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். அவர் காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்றவர். ஏலம் விடியற்காலையிலேயே முடிந்துவிடும். நகரத்தின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் நல்ல மீனெல்லாம் போய்விடும். ஆறு மாதத்தில் கூடையைக் கீழே வைத்துவிட்டார். “சுவர் விழுந்தா பூசிக்கலாம், தொழில் போச்சே” என்றார். அதை இன்னும் எந்தப் படமும் சொல்லவில்லை. ‘மாவீரன்’ இடைவேளைக்குப் பிறகு வில்லன் பின்னால் போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தனுஷின் ‘ராயன்’ (2024) எனக்குப் பிடிக்கவில்லை. ஃபாஸ்ட் புட் வண்டி போட்டுத் தம்பிகளையும் தங்கையையும் வளர்க்கிற அண்ணன் என்று தொடங்கினபோது ஆசையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் அடுப்பை மறந்துவிட்டார்கள், கத்தி மட்டும் நின்றது. துஷாரா விஜயன் ‘சார்பட்டா பரம்பரை’யில் மாரியம்மாவாக வந்து புருஷனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாரே, அந்த வீடும் அந்தச் சண்டையும் நிஜமாக இருந்தன. இதில் அவரும் இந்த வெட்டுக்குத்துக்குள் இழுக்கப்பட்டுவிட்டார்.

இதற்கெல்லாம் 2018-இல் வந்த ‘வடசென்னை’தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பெரிய படம். ரோடு போடுகிறேன் என்று வருகிறவர்களிடமிருந்து குப்பத்தைக் காப்பாற்றும் பேச்சு அதன் நடு எலும்பு. பின்னால் வந்தவர்கள் அந்த எலும்பை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் கேரம் போட்டி ஜெயிலுக்குள் ஓர் ஆளைக் குத்துவதற்கான இடம். வெளியே எங்கள் பக்கத்தில் கேரம் என்றால் வியாசர்பாடி இளவழகி, உலக சாம்பியன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தச் செய்தி வந்த அன்று என் தம்பி பரணிலிருந்து பழைய கேரம் போர்டை இறக்கி பவுடர் போட்டுத் துடைத்தான். ‘வடசென்னை’ எடுத்த வெற்றிமாறன் இப்போது சிம்புவை வைத்து அதே உலகத்தில் ‘அரசன்’ எடுக்கிறார். முதல் நாளே போவேன். அதில் ஒரே ஒரு பெண்ணாவது ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

வெப் தொடர்களில் ‘சுழல்’ முதல் பாகம் நன்றாக இருந்தது. சிமெண்ட் ஆலை, தொழிற்சங்கம், மயானக் கொள்ளைத் திருவிழா என்று ஊரே கண் முன்னால் வந்தது. பிக் பாஸ் ஒரு வாரம் பார்த்தேன், போதும் என்று விட்டுவிட்டேன்.

சீரியல் அம்மாவின் ராஜ்ஜியம். ‘எதிர்நீச்சல்’ தொடரை மாரிமுத்துவுக்காகவே பார்த்தார். 2023 செப்டம்பரில் அவர் இறந்த அன்று எங்கள் வீட்டில் டிவி போடவில்லை. அதன் பிறகு அம்மாவுக்கு அந்தத் தொடரில் மனம் நிற்கவில்லை. இப்போது ‘சிறகடிக்க ஆசை’. முத்து கார் ஓட்டுகிறான், மீனா பூ கட்டுகிறாள், அதனால் அப்பாவும் கூடவே உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வாசலில் பூ விற்பவர். “நம்ம தொழிலை வெச்சு ஒரு கதாநாயகி” என்று சொல்லிவிட்டு ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் குறை எல்லாம் முத்துவின் அண்ணியாக வரும் அந்த ரோகிணியின் ரகசியத்தை வருடக் கணக்கில் இழுத்ததுதான். அவள் காட்சி வந்தால் அக்கா எழுந்து வாசலில் உட்கார்ந்து மறுநாள் பூவைக் கட்ட ஆரம்பிப்பார். மீனா குரல் கேட்டால் நாரும் கையுமாக உள்ளே வருவார்.