தண்ணீர் இல்லாமல் கார் கழுவுவது: திருகோணமலைக்காரரின் கேள்விகளும் என் பதில்களும்

கச்சான் காற்று எழும்பிவிட்டால் நம் ஊரில் கார் காலையில் ஒரு நிறம், பின்னேரம் ஒரு நிறம். கடலோரக் கிணறுகளில் தண்ணீர் அடிக்குப் போய் உவர்க்கவும் தொடங்கிவிடும். அந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளிதான் மிச்சம். அதனால்தான் தண்ணீர் தேவையில்லாத 'வோட்டர்லெஸ்' திரவத்தைப் பற்றி இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள். வாகனப் பெயின்ற் வேலையில் பழகியவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உவர்மலையிலிருந்து: ஐயா, தண்ணீரே இல்லாமல் துடைத்தால் கீறாதா?

வெறும் துணியால் துடைத்தால் கட்டாயம் கீறும். தண்ணீர் அழுக்கை இளக்குவதோடு, துகளை அடித்துக்கொண்டும் போகிறது. அது இல்லாதபோது அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். இந்தத் திரவத்தில் தூசியைச் சுற்றிப் பிடிக்கும் சவர்க்காரச் சேர்மங்களும், வழுக்கலுக்கு மெழுகோ பொலிமரோ இருக்கும். வழுக்கிக்கொண்டு வரும் தூசியைத் துவாயின் இழை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரோன்தான். ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட வராது. அதில் விழும் கீறலை ஒவ்வொரு முறையும் பொலிஷ் போட்டு எடுத்தால் கடைசியில் கோட்டே இருக்காது.

அலஸ்தோட்டத்திலிருந்து: அண்ணா, எப்படித் துடைப்பது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

முதலில் நிழல். போனற்றில் கை வைத்தால் சுடுகிறதா? ஆறட்டும். சூட்டில் அடித்தால் திரவம் துடைக்கும் முன்பே காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும்.

மைக்ரோஃபைபர் துவாய் ஆறேழு வேண்டும். இரண்டு வைத்துக்கொண்டு முழுக் காரையும் முடிக்கப் பார்ப்பதுதான் பலரும் விடும் பிழை. துவாயை இரண்டு தரம் மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவு அளவுக்கு மட்டும் தாராளமாக அடியுங்கள், அரை நிமிடம் ஊறட்டும். துவாயிலும் கொஞ்சம் அடித்துக்கொண்டு, அதன் பாரம் மட்டும் படும்படி ஒரே திசையில் இழுத்துத் தூக்குங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. ஓர் இழுப்புக்குப் பிறகு பக்கத்தை மாற்றுங்கள். அப்புறம் காய்ந்த துவாயால் மெல்ல ஒற்றினால் பளபளப்பு வரும். கதவின் அடிப்பகுதி, பின் பம்பர் இரண்டும் கடைசியில், தனித் துவாயால்.

நிலாவெளியிலிருந்து: எங்கள் வான் கடற்கரையோரம்தான் நிற்கும். இது சரிவருமா?

சரிவராது. கடல்மணலில் இருக்கும் குவாட்ஸ் என்ற கனிமம், கடினத்தை அளக்கும் மோ அளவில் 7. கிளியர் கோட் அதன் முன் வெண்ணெய் மாதிரி. புல்மோட்டைப் பக்கம் ஓடுபவர்கள் இன்னும் கவனம். அங்கே மணலில் இல்மனைற் என்ற கனிமத்தோடு சேர்ந்து கிடக்கும் சேர்க்கன் என்ற கனிமம் குவாட்ஸையும் விடக் கடினம். விரலால் தொட்டால் நறநறவென்றால் அன்றைக்குத் தண்ணீர்தான். நானே ஒருமுறை சோம்பலில் மணலோடு துடைத்து, கறுப்புக் காரின் கதவு முழுக்கச் சிலந்திவலை மாதிரிக் கீறல் போட்டு வைத்தேன்.

உப்புக் காற்றின் தாக்கம் காரின் அடியிலும் இருக்கிறது. அங்கே எந்தத் துவாயும் எட்டாது. இடைக்கிடை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தை அடித்துக் கழுவியே ஆக வேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து: வயல் சேறு?

அதற்கும் இது இல்லை.

கிண்ணியாவிலிருந்து: நானா, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் பளபளக்கிறதே?

அது எண்ணெய்ப் பசையின் மினுக்கம். அடுத்த சந்தி போவதற்குள் தூசி வந்து ஒட்டும். இருந்த மெழுகும் போய்விடும், ரப்பர் பீடிங்கும் கெட்டுப்போகும்.

டொக்யார்ட் வீதியிலிருந்து: மரத்தடியில் நிறுத்துகிறேன். காக்கை எச்சம் தினமும்.

எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. நம் வெயிலில் ஒரே நாளில் தடம் விழும். சுரண்ட வேண்டாம். திரவத்தில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டுவைத்து, இளகியதும் கிள்ளி எடுப்பதுபோலத் தூக்குங்கள். கார்ப் பெட்டியில் ஒரு போத்தலும் துணியும் எப்போதும் இருக்கட்டும்.

மூதூரிலிருந்து: கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, ஒரு வாளி. அதற்கு வழி உண்டா?

உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். 'ரின்ஸ்லெஸ்' என்று தனித் திரவம் வருகிறது. போத்தலில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். பலவற்றில் 7, 8 லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லிலீற்றர் போதும். துவாய்களை வாளியில் ஊறவைத்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கலாம், பிறகு அலச வேண்டியதில்லை. வெறும் ஸ்பிரேயை விட வழுக்கல் கூட.

சாம்பல்தீவிலிருந்து: அந்தத் துவாய்களை எப்படித் துவைப்பது அண்ணா?

வீட்டு உடுப்போடு போடாதீர்கள், பருத்திப் பஞ்சு ஒட்டும். திரவச் சவர்க்காரம் கொஞ்சம் போதும். மணத்துக்காக ஊற்றும் சொஃப்ற்னர் இழையில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும், அது வேண்டவே வேண்டாம். நிழலில் காயட்டும். நிலத்தில் விழுந்த துவாயை மட்டும் எடுத்து உதறிவிட்டுத் தொடராதீர்கள். அது இனி ரயர் துடைக்கத்தான்.