டப்ளினிலிருந்து இரண்டு நாள் சைக்கிள்: கெர்ரி வேண்டாம், விக்லோ போங்கள்

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன். ரோடு பைக் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. சனி, ஞாயிறுகளில் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுவேன். ஜூனில் கோவையிலிருந்து மைத்துனர் வருகிறார், அவரும் நன்றாக ஓட்டுவார். கையில் இரண்டே நாள். மலை ஏற வேண்டும், சரித்திர இடங்களும் பார்க்க வேண்டும், லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளவும் கூடாது. எல்லாரும் ‘ரிங் ஆஃப் கெர்ரி’ என்கிறார்கள். போகலாமா?

பதில்: இந்த முறை கெர்ரி வேண்டாம். அழகில் குறை சொல்லவில்லை. ஆனால் டப்ளினிலிருந்து அந்த வளையச் சாலை தொடங்கும் கில்லார்னி போய்ச் சேரவே 300 கிலோமீட்டர். அந்த வளையம் சுமார் 180 கிலோமீட்டர், பெரும்பகுதி என்-70 என்ற தேசிய சாலை. கோடையில் சுற்றுலா பஸ்கள் அதில் வரிசை கட்டிப் போகும். லாரிக்குப் பயந்து பஸ்ஸிடம் மாட்டுவானேன்? ஒரு வாரம் லீவு கிடைக்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊரின் தெற்கு எல்லையிலேயே விக்லோ மலை நிற்கிறது. அதன் முதுகின் மேல் போகும் ஆர்-115, அங்கே ‘மிலிட்டரி ரோடு’ என்று பெயர். நீங்கள் கேட்ட மலை, சரித்திரம் இரண்டும் அந்த ஒரு சாலையில் இருக்கின்றன. சொல்லப்போனால் அந்தச் சாலையே ஒரு சரித்திரம்.

1798-ல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி தோற்றபின், தப்பியவர்களில் பலர் இந்த மலைகளுக்குள் புகுந்துகொண்டார்கள். மைக்கேல் டுவயர் என்ற தலைவர் 1803 டிசம்பர் வரை கைக்குச் சிக்கவில்லை. மலைக்குள் படையைக் கொண்டுபோக வழி இல்லாததால், 1800-ல் தொடங்கி 1809-ல் முடித்த சாலை இது. டப்ளினின் தெற்குப் புறநகரான ராத்ஃபார்னமில் ஆரம்பித்து அகவானா வரை சுமார் 58 கிலோமீட்டர், இடையிடையே சிப்பாய்கள் தங்கப் படைவீடுகள். சாலை முடிவதற்குள் டுவயர் சரணடைந்து, ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டுவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்தச் சாலை போடப்பட்ட காரணம் இன்றைக்கும் உங்கள் பயணத்தைத் தீர்மானிக்கிறது. ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலை பள்ளத்தாக்கோடு போகும், வழியில் கடை கண்ணி இருக்கும். இது படை நடக்கப் போட்ட சாலை, அதனால் மேட்டு நிலத்தோடு போகிறது. லாரா என்ற சிற்றூரை விட்டால் கிளென்கிரீ வரை 25 கிலோமீட்டருக்கு மேல் கடையும் இல்லை, ஒதுங்க நிழலும் இல்லை. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், தின்ன ஏதாவது, இரண்டு ட்யூப், ஒரு பம்பு இல்லாமல் லாராவை விட்டுக் கிளம்பாதீர்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், மலை முழுக்க ஆடு மேய்கிறது.

அடுத்தது, எந்தப் பக்கமிருந்து ஓட்டுவது. பலரும் வீட்டிலிருந்து தெற்கே ஏறிப் போகிறார்கள். நான் தெற்கிலிருந்து வடக்கே வரச் சொல்வேன். அயர்லாந்தில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். சேலி கேப் என்ற நாற்சந்தி இருப்பது சுமார் 500 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மரமே இல்லாத பீட் (செடிகொடி மக்கிச் சேர்ந்த கறுப்பு மண்) சதுப்பு நிலம். அங்கே எதிர்க்காற்றில் மிதித்தால் சமவெளியும் ஏற்றமாகிவிடும். அதே காற்று முதுகில் விழுந்தால் 40 கிலோமீட்டர் பழக்கம் உள்ளவரும் 70 கிலோமீட்டரைத் தாங்குவார். இன்னொரு லாபம், பயணம் வீட்டுப் பக்கம் முடிகிறது. சாயங்கால ரயிலைப் பிடிக்கிற பதற்றம் இல்லை.

ஆகவே காலையில் கனலி ஸ்டேஷனில் ராஸ்லேர் போகும் ரயிலில் ஏறி ராத்டிரத்தில் இறங்குங்கள். நாளுக்குச் சில ரயில்கள்தான், சைக்கிள் வைக்கும் இடமும் கொஞ்சம்தான். டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளுக்கும் இடம் பார்த்துவிடுங்கள்.

ராத்டிரத்திலிருந்து கிரீனன் வழியாக அவன்பெக் ஆற்றை ஒட்டி கிளென்மலூர் பள்ளத்தாக்குக்குள் போகும் சின்னச் சாலை உடம்பைச் சூடேற்றிக்கொள்ள நல்லது. டிரம்காஃப் சந்திப்பில் பழைய படைவீடு ஒன்று கூரை இல்லாமல் இன்னும் நிற்கிறது. மிலிட்டரி ரோட்டில் நீங்கள் சேரும் இடம் அதுதான். 1580-ல் ஐரிஷ் குலத்தலைவர் ஃபியக் மெக்ஹியூ ஓ’பைர்ன் ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்ததும் இதே பள்ளத்தாக்கில்தான். அவர் பெயரும் டுவயர் பெயரும் பொறித்த பெரிய பாறை ஒன்று அங்கே உண்டு. இங்கிருந்து ஏற்றம் தொடங்கும், முதல் பகுதி செங்குத்து. அவசரப்படாமல் சின்ன கியரில் போங்கள். உச்சியில் ஷே எலியட் நினைவுக்கல் இருக்கிறது. 1963-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், முன்னணியில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் ஜெர்சியை அணிந்த முதல் ஐரிஷ்காரர் அவர். சைக்கிள்காரர்கள் அந்த இடத்தில் கட்டாயம் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள்.

இறங்கினால் லாரா. அங்கிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி கிளென்டலாக். 6-ஆம் நூற்றாண்டில் புனித கெவின் தொடங்கிய மடம், சுமார் 30 மீட்டர் உயரத்தில் வட்டக் கோபுரம். கோபுரத்தின் வாசல் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும், ஏணி வைத்துத்தான் ஏற முடியும். ஜூனில் கூட்டம் நெரியும். கோபுரத்தையும் தேவாலயத்தையும் கல்லறைகளையும் பார்த்துவிட்டு, லாராவில் சாப்பிட்டு, பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் விஷயம். லாராவிலிருந்து கிளென்மக்னாஸ் பள்ளத்தாக்கு வழியே சாலை மெதுவாக ஏறும். இரண்டு பக்கமும் பனியாறு குடைந்த சரிவுகள், கடைசியில் பாறை மேல் வழுக்கி விழும் அருவி. வடக்கிலிருந்து வருபவர்கள் இந்த இடத்தை பிரேக்கைப் பிடித்தபடி, வளைவில் கண் வைத்தபடி கடந்துவிடுவார்கள். தெற்கிலிருந்து ஏறும் உங்களுக்கு அருவி முதலில் வெள்ளைக் கோடாகத் தெரியும், கிட்டே வர வரப் பெரிதாகும், கடைசியில் சாலை அதன் பக்கவாட்டிலேயே ஏறித் தலைக்கு மேல் போய்விடும். தண்ணீரை உற்றுப் பாருங்கள், கட்டஞ்சாயா நிறம். பீட் மண்ணில் ஊறி வருவதால் அப்படி.

மேலே ஒரு எச்சரிக்கை. அருவி மேல் இருக்கும் கார் நிறுத்தத்தின் ஓரத்தில் உடைந்த கார் கண்ணாடித் துண்டுகள் கிடக்கும், திருட்டு நடக்கிற இடம். சைக்கிளை அதில் உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள். சாலையின் ஓரமும் பல இடங்களில் பெயர்ந்திருக்கும். 28 மில்லிமீட்டர் டயருக்குக் குறைந்து எதுவும் வேண்டாம். ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும், மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சேலி கேப்பில் மேகம் இறங்கியிருந்தாலோ மைத்துனருக்குக் கால் பிடித்துக்கொண்டாலோ, வலப்பக்கம் ஆர்-759-ல் திரும்பி லாக் டே ஏரிக்கு மேலாக ரவுண்ட்வுட் பக்கம் இறங்கிவிடலாம். அங்கிருந்து நியூடவுன்மவுண்ட்கென்னடி வழியே கிரேஸ்டோன்ஸ் போனால் டார்ட் என்ற டப்ளின் புறநகர் ரயில் இருக்கிறது. வேலை நாளில் நெரிசல் நேரத்தில் மட்டும் டார்ட்டில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள்.

நேரே வடக்கே போனால் சிறிது தூரத்தில் ஒரு சின்னப் பாலம் வரும். பலர் கவனிக்காமலே தாண்டுவார்கள். கீழே ஓடும் ஓடைதான் லிஃபி. டப்ளின் நகரின் நடுவே ஓடும் அதே ஆறு இங்கே ஒரு எட்டில் தாண்டிவிடும் அளவுதான் இருக்கும். நகரம் இங்கிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர்தான், ஆனால் ஆறு மேற்கே சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் அங்கே போய்ச் சேர்கிறது.

அப்புறம் லாக் பிரே ஏரிகளைக் கடந்து கிளென்கிரீ. இங்கேயும் பழைய படைவீடு உண்டு. பிறகு சிறுவர் சீர்திருத்தப் பள்ளியாகி, இன்று சமரச மையமாக இருக்கிறது. பக்கத்திலேயே ஜெர்மன் போர்வீரர் கல்லறைத் தோட்டம். அதன் பிறகு ஒரே ஒரு ஏற்றம், ஃபெதர்பெட் மேடு, கில்லகீயில் டப்ளின் விரிகுடா முழுதாகத் தெரியும். ராத்ஃபார்னம் வரை இறக்கம்தான், பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். அதனால் தாமதம் ஆகிறதே என்று தவிக்க வேண்டாம். வெயில் அடிக்கும் ஞாயிறு மதியம் சேலி கேப்பில் கார்கள் மொய்க்கும், ஆறு மணிக்கு மேல் சாலை உங்களுடையது. முடிந்தால் வேலை நாளாகப் பாருங்கள். நகரத்தில் இதமாக இருந்தாலும் மேலே குளிரும், மெல்லிய மழைக்கோட்டும் கையுறையும் முதுகுப்பையில் இருக்கட்டும்.

இரண்டாம் நாளுக்கு டப்ளினுக்கு வடக்கே இருக்கும் பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மலையேறிய காலுக்கு இதமான மேடு பள்ளம். ட்ரோஹடா வரை ரயில், அங்கிருந்து ஆற்றோரப் பாதையில் ஓல்ட்பிரிட்ஜ். 1690-ல் இங்கிலாந்து அரியணைக்காக மன்னர்கள் வில்லியமும் ஜேம்ஸும் மோதிய களம். அடுத்து தென்கரையில் புரூ ந போன்யா பார்வையாளர் மையம். சுமார் கி.மு. 3200-ல் கட்டிய நியூகிரேஞ்ச் கல்லறையைப் பார்க்க இங்கிருந்து அவர்களுடைய பஸ்ஸில்தான் போக முடியும். சைக்கிளில் நேரே நியூகிரேஞ்ச் வாசலுக்குப் போனால் உள்ளே விடமாட்டார்கள், டிக்கெட்டையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வடகரைக்குப் போக ஸ்லேன் பாலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். என்-2 லாரிகள் செங்குத்தான இறக்கத்தில் வந்து அந்தக் குறுகிய பாலத்தில் ஏறுகின்றன. ஓல்ட்பிரிட்ஜுக்கே திரும்பி ஒபெலிஸ்க் இரும்புப் பாலத்தில் கடந்து, கிங் வில்லியம்ஸ் கிளென் வழியாக மெல்லிஃபாண்ட் மடத்துக்கும் (1142, அயர்லாந்தின் முதல் சிஸ்டெர்சியன் துறவியர் மடம்), மொனாஸ்டர்பாய்ஸில் இருக்கும் சிற்பச் சிலுவைகளுக்கும் போய் ட்ரோஹடா திரும்பினால் 45 கிலோமீட்டருக்குள் முடியும்.

மைத்துனரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், இருவர் பக்கம் பக்கமாகப் போகச் சட்டம் அனுமதிக்கிறது. எல் என்று தொடங்கும் கிராமச் சாலைகளில் 2025 பிப்ரவரியிலிருந்து வேக எல்லை மணிக்கு 60 கிலோமீட்டர், ஆர்-115 போன்ற ஆர் சாலைகளில் பொதுவாக இன்னும் 80. அவருக்கு வாடகை சைக்கிள் எடுக்கும்போது பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 32 பல்லாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், முன்னால் சின்னது 34 இருந்தால் போதும். முந்தின நாள் இரவு காற்று எந்தத் திசை என்று பாருங்கள். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ அடிக்கப்போகிறது என்றால் மட்டும் நான் சொன்னதைத் தலைகீழாக்கி, ராத்ஃபார்னமில் தொடங்கி ராத்டிரத்தில் முடியுங்கள். அப்போது கடைசி ரயில் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, லாராவிலேயே நேரம் ஆகிவிட்டால் ஷே எலியட் ஏற்றத்தை விட்டுவிட்டு ஆர்-755-ல் நேரே ராத்டிரம் போய்விடுங்கள்.