உட்கணக் கணக்கு: 112-ஐ எப்படி உடைப்பது?

“ம உறுப்புகள் கொண்ட கணத்தின் உட்கணங்கள், ந உறுப்புகள் கொண்டதன் உட்கணங்களைவிட 112 அதிகம். ம, ந என்ன?” இதுதானே உங்கள் கணக்கு? ம உறுப்புகள் கொண்ட கணத்துக்கு 2^ம உட்கணங்கள் என்பதால், 2^ம − 2^ந = 112 வரை சரியாகவே வந்திருக்கிறீர்கள். அடுத்த வரியில் அதை 2^(ம−ந) என்று மாற்றியதுதான் தகராறு. அடுக்குகளைக் கழிப்பது வகுத்தலுக்கு மட்டும்தான். 8 − 4 போட்டுப் பாருங்கள்: விடை 4. உங்கள் வழியில் 2^(3−2), அதாவது 2 வரும்.

2^ந-ஐப் பொதுவாக வெளியே எடுங்கள்:

2^ந × (2^(ம−ந) − 1) = 112

ம பெரியது என்பதால் அடைப்புக்குள் இருப்பது கட்டாயம் ஒற்றைப்படை எண். இதைப் பிடித்துவிட்டால் கணக்கு முடிந்த மாதிரிதான். 112-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள்: 56, 28, 14, 7. நாலு தடவை வகுபட்டது, அதற்குமேல் போகாது. ஆக 2^ந = 16, ந = 4. மிச்சம் 7, அதாவது 8 − 1; எனவே ம − ந = 3, ம = 7. சரிபார்ப்பு: 128 − 16 = 112.

அப்புறம், தகு உட்கணங்கள் (அந்தக் கணத்தையே தவிர்த்த மற்ற உட்கணங்கள்) என்று கேட்டிருந்தால் விடை மாறுமா என்றீர்கள். மாறாது. இரண்டு பக்கமும் ஒன்று குறையும், அவ்வளவுதான்: 127 − 15-உம் 112தான்.