தறப்பாளுக்குள் ஹீட்டர், வெளிறும் விரல்கள்: உறைகுளிரில் கார் திருத்துபவருக்கு வைத்தியர் பதில்

கேள்வி: எனக்கு வயது 44. கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். 1994ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஒன்றை வாங்கி ஓய்வு நேரத்தில் நானே திருத்தி வருகிறேன். கராஜ் இல்லை, ட்ரைவ்வேயில்தான் வேலை. கீழ்ப்பக்கத்தில் துருப்பிடித்த போல்ட்டுகளை இம்பக்ட் கண் (gun) எனும், அதிர்ந்து சுழற்றும் கைக்கருவியால் கழற்றும்போது, அரை மணித்தியாலத்தில் வலக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாவது மூட்டு வரை வெளிறி விறைத்துவிடுகின்றன. உள்ளே வந்ததும் சிவந்து, தாங்க முடியாமல் எரிகிறது. ஒரு கிழமையாகக் கால்விரல்களில் சிவந்த தடிப்புகள். இரவில் கடியும் எரிவும். ஒற்றைத் தலைவலிக்கு நாளுக்கு 80 மில்லிகிராம் புரொப்ரனலோல் எடுக்கிறேன். நீரிழிவு இல்லை, புகைப்பதில்லை. குளிருக்காகத் தறப்பாளால் கொட்டில் போல மறைத்து, உள்ளே சிறிய புரொப்பேன் ஹீட்டர் வைத்திருக்கிறேன். அதற்குள் இரண்டு மணித்தியாலம் நின்றால் தலையிடி வருகிறது. என் பழைய தலையிடிதான் என்று நினைக்கிறேன். விரல்கள் பழுதாகிவிடுமா?

பதில்: விரல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் தலையிடிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்த ஹீட்டரை இன்றே கொட்டிலுக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

மூடிய இடத்தில் புரொப்பேன் எரியும்போது ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும். அப்போது எரிதல் முழுமையடையாமல் காபன் மொனொக்சைட் உண்டாகிறது. நிறமும் மணமும் இல்லாத வாயு. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் கூடுதலான இறுக்கத்தோடு அது ஒட்டிக்கொள்ளும். முதலில் வருவது தலையிடி, பிறகு தலைச்சுற்று, ஓங்காளம், கால் தளர்வு. அதற்கு மேல் போனால் எழுந்து வெளியே வரவேண்டும் என்ற யோசனையே வராது. காருக்குக் கீழே படுத்திருப்பவருக்கு அது இன்னும் ஆபத்து.

உங்கள் பழைய தலையிடி வேலையிடத்திலும் வரும், படுக்கையிலும் வரும். பெரும்பாலும் ஒரு பக்கமாக இடிக்கும், வெளிச்சம் கூசும். கொட்டிலுக்குள் நின்றால் மட்டும் தொடங்கி, வெளியே வந்து ஓரிரு மணித்தியாலத்தில் குறையும் தலையிடியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கூட நின்று உதவுபவருக்கும் தலை இடித்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்த முறை அப்படி வந்தால் திறந்த வெளிக்கு வந்து, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், 'மூடிய இடத்தில் புரொப்பேன் ஹீட்டரோடு நின்றேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாகனத்தை நீங்களே ஓட்ட வேண்டாம். மயக்கம், குழப்பம், நெஞ்சுநோ இருந்தால் 911. விரலில் மாட்டிப் பார்க்கும் ஒட்சிமீற்றர் 98, 99 என்று காட்டினால் நிம்மதி அடையாதீர்கள். ஒட்சிசன் ஏறிய ஹீமோகுளோபினையும் இந்த வாயு ஏறியதையும் அந்தக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. குருதிப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும், அதுவும் தாமதிக்காமல் எடுத்தால்தான்: சாதாரணக் காற்றைச் சுவாசிக்கையில் குருதியில் உள்ள அளவு பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் ஆகும், முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் போதும்.

'ஒட்சிசன் குறைந்தால் தானாக அணையும்' என்று ஹீட்டர் பெட்டியில் எழுதியிருக்கும். அந்த உணரி அளப்பது ஒட்சிசனை மட்டுமே. வீட்டுக்கான காபன் மொனொக்சைட் அலாரத்தைக் கொட்டிலில் தொங்கவிடுவதையும் நான் நம்பமாட்டேன். காற்றில் 70 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 70 பங்கு) அளவில் ஒரு மணித்தியாலம் முதல் நான்கு மணித்தியாலம் கழித்தே ஒலிக்கும்படி அவை வடிவமைக்கப்படுகின்றன. பெரும்பாலானவை 4 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலைக்கென்றே செய்யப்பட்டவை. எஞ்சினைத் தறப்பாளுக்குள் ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் வேண்டாம். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோல் போகும், புகையின் நச்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றர் சூடேறியிருக்காது. அந்த முதல் சில நிமிடங்களில்தான் நச்சு வாயு மிக அதிகம். முப்பது வருடப் பழைய காரில் புகைக்குழாய் ஓட்டையும் இருக்கலாம். தறப்பாள் முழுவதையும் கழற்றி, புகைக்குழாயின் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

சூடு வேண்டுமென்றால் மின்சார ஹீட்டர் வையுங்கள். 1500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 அம்பியர் இழுக்கும். வெளிப்புறப் பாவனைக்கான 12 கேஜ் நீட்டிப்பு வயர் வேண்டும், அந்தச் சுற்றில் வேறொன்றும் மாட்டக்கூடாது. பெற்றோல் குழாயைத் திறக்கும் நாளிலும் பிரேக் கிளீனர் அடிக்கும் நாளிலும் எந்த ஹீட்டரும் எரியக்கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரின் ஆவி நெருப்பிலோ பழுத்த உலோகத்திலோ பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். மூச்சுத் திணறல் உடனே வராது. பல மணித்தியாலம் கழித்து நுரையீரலில் நீர் கோத்த பிறகுதான் தெரியவரும். தகரத்தில் 'குளோரின் அற்றது' என்று இருப்பதை வாங்குங்கள். அதுவும் தீப்பற்றும், ஆனால் இந்த நஞ்சைத் தராது.

இனி விரல்கள். நீங்கள் சொல்லும் வெளிறல், விறைப்பு, பிறகு சிவந்து எரிதல் என்ற வரிசை ரேனோ எனப்படும் நிலைக்குப் பொருந்துகிறது. குளிரில் எல்லோருக்கும் விரலின் சிறு நாடிகள் சுருங்கும், ரேனோவில் அவை இறுகி மூடிக்கொள்கின்றன. நம்முடைய தோலில் வெள்ளை என்பது சாம்பல் பூத்தது போலத்தான் தெரியும். நகத்தடியையும் உள்ளங்கைப் பக்கத்தையும் பாருங்கள். இந்தச் சுருக்கத்தினால் மட்டும் விரல் அழுகுவது அரிது. ஆனால் வெளிறிய விரலுக்குச் சூட்டைக் கொண்டுவரக் குருதி இல்லை, ஆகவே உறைவது எளிது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உங்கள் விடயத்தில் மூன்று காரணங்கள் ஒன்றாக நிற்கின்றன. குளிர் ஒன்று. மற்றது இம்பக்ட் கண்ணின் அதிர்வு. குளிர்ந்த கையால் இறுக்கிப் பிடிக்கும்போது அதிர்வு முழுதும் விரலுக்குள் இறங்குகிறது. வருடக்கணக்கில் தொடர்ந்தால் நாடிகளோடு நரம்புகளும் கெட்டு, சட்டைப் பொத்தான் பூட்டக் கஷ்டமாகும் அளவுக்கு உணர்வு குறையும். கிழமைக்குச் சில மணித்தியாலப் பொழுதுபோக்கு வேலையில் அவ்வளவு தூரம் போவது குறைவு. ஆனால் உங்கள் சம்பள வேலையிலும் கிறைண்டர், ட்ரில் போன்றவை இருந்தால் கதை வேறு. அதைக் குடும்ப வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்றாவது, புரொப்ரனலோல். அது சேர்ந்த பீற்றா தடுப்பி வகை மருந்துகள் ரேனோவைக் கிளப்பவும் கூட்டவும் கூடியவை. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் நெஞ்சுத் துடிப்பும் குருதியமுக்கமும் எகிறும். படிப்படியாகக் குறைத்து, தலையிடிக்கு வேறு தடுப்பு மருந்துக்கு மாறலாம், கன்டெசார்டன் போன்றவை இருக்கின்றன. மாறிய பிறகும் விரல் வெளிறினால் நிபெடிபின் வகைக் குளிசையைக் குளிர்கால மாதங்களுக்கு மட்டும் எடுப்பது வழக்கமான சிகிச்சை. மூக்கடைப்புக்காகக் கடையில் வாங்கும் சூடோஎபெட்ரின் கலந்த மருந்துகளும் விரல் நாடிகளைச் சுருக்கும், தவிருங்கள்.

வேலை முறையிலும் மாற்றம் வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் மாலையே ஊடுருவும் எண்ணெய் அடித்து, மறுநாள் காலையிலும் ஒருமுறை அடியுங்கள். அறுபது சென்ரிமீற்றர் நீளமான பிரேக்கர் பார் என்ற கைநெம்புகோலால் போல்ட்டை அசைத்துவிட்டு, மிச்சத்துக்கு இம்பக்ட் கண்ணைச் சில விநாடிகள் மட்டும் பாவியுங்கள். கழற்றிய பாகத்தை உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்துச் செய்யக்கூடிய வேலையை வெளியே செய்யாதீர்கள். அதிர்வு குறைக்கும் கையுறை என்று விற்பவை அதிர்வைக் கொஞ்சம்தான் குறைக்கும்; கையைச் சூடாக வைப்பதுதான் அவற்றின் பெரிய நன்மை.

கையுறையில்தான் பலருக்குப் பிழைக்கிறது. வெறும் நைற்றைல் கையுறைக்குள் வியர்வை தேங்கும், அந்த ஈரமே விரலைக் குளிர்விக்கும். உள்ளே மெல்லிய மெரினோ கம்பளிக் கையுறை, அதற்கு மேல் ஒரு அளவு பெரிய தடித்த நைற்றைல், நட்டு முடுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதற்கு மேல் தடித்த கையுறை என்று மூன்றடுக்காகப் போடுங்கள். உள் கையுறையில் மூன்று நான்கு சோடி ஜக்கெற்றுக்குள் உடம்புச் சூட்டில் இருக்கட்டும், ஈரமானதும் மாற்றுங்கள். பருத்தி வேண்டாம். ஸ்பானர், றற்செற் பிடிகளுக்கு இறப்பர் உறையோ துணி ரேப்போ சுற்றுங்கள். மறை 7 பாகைக்குக் (-7°C) கீழே வெறுங்கையால் உலோகத்தைத் தொடவே கூடாது. மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். அது குளிரைக் கடத்தும், விரல் வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

உலோகத்தைவிடப் பொல்லாதது பெற்றோல். மறை 15 பாகையில் தண்ணீர் கட்டியாகிவிடும், பெற்றோல் அதே குளிரோடு திரவமாகவே இருக்கும். பெற்றோல் வடிகட்டியைக் கழற்றும்போது கையில் ஊற்றினால் முதலில் அந்தக் குளிர், பிறகு ஆவியாகும்போது இன்னொரு குளிர். நிமிடக் கணக்கில் தோல் உறைந்துவிடும். பிரேக் கிளீனரும் அப்படித்தான். நனைந்த கையுறையை அந்தக் கணமே கழற்றித் துடைத்து, காய்ந்ததைப் போடுங்கள்.

எவ்வளவு நேரம் வெளியே நிற்கலாம்? கனடாவின் சுற்றுச்சூழல் துறைக் கணக்குப்படி, காற்றுக் குளிர்ச்சி (காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர்) மறை 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மறை 40க்குக் கீழே 5 முதல் 10 நிமிடம். இது வெறும் காற்றுக்கான கணக்கு, உலோகமும் பெற்றோலும் இதில் சேரவில்லை. தோலின் சூடு 15 பாகைக்குக் கீழே இறங்கினால் விரலின் நுட்பம் போய்விடும், 8 பாகையளவில் தொடுகை உணர்வே போய்விடும். ஆகவே மணிக்கூட்டைவிட விரலை நம்புங்கள். பெருவிரல் நுனியால் சின்னிவிரல் நுனியைத் தொடுங்கள். தொட முடியவில்லை, அல்லது தொட்டது தெரியவில்லை என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். 'இந்த ஒரு போல்ட்டை மட்டும்' என்று நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் விரல் உறைகிறது. உங்களுக்கு ரேனோ இருப்பதால் மறை 10 பாகையில் 20 நிமிட வேலை, 10 நிமிடம் உள்ளே என்று தொடங்குங்கள்.

வெளிறிய விரல் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறம் திரும்பினால் பயமில்லை. மெழுகு போல மங்கி, அழுத்தினால் கடினமாக, நோவே இல்லாமல் இருந்தால் அது உறைந்த விரல். தேய்க்காதீர்கள், பனியால் உரசாதீர்கள், ஹீட்டர் முன்னால் நீட்டாதீர்கள். உணர்வில்லாத விரல் வெந்தாலும் தெரியாது. ஒரு பாத்திரத்தில் 37 முதல் 39 பாகைச் சூட்டுத் தண்ணீர் எடுத்து, சமையலறை வெப்பமானியால் அளந்து, விரல் பாத்திரத்தில் முட்டாமல் 15 முதல் 30 நிமிடம் அமிழ்த்துங்கள். தண்ணீர் ஆற ஆறச் சுடுதண்ணீர் சேர்க்க வேண்டும், சேர்க்கும்போது கையை வெளியே எடுத்துவிடுங்கள். தோல் இளகிச் சிவக்கும்வரை இதை நிறுத்தக்கூடாது. கடுமையாக நோகும். குடற்புண், சிறுநீரக நோய், குருதி உறையாமைக்கான மருந்து எதுவும் இல்லையென்றால் 400 மில்லிகிராம் ஐபுபுரொபென் எடுக்கலாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கொப்புளத்தில் இரத்தம் தெரிந்தாலும், சூடாக்கிய பிறகும் விரல் நீலமாகவோ உணர்வின்றியோ இருந்தாலும் அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள். அடைத்த நாடிகளைத் திறக்கும் மருந்துகள் முதல் 24 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அவற்றில் ஒன்றான இலோபுரொஸ்ற்றுக்குக் கடுமையான உறைவுக் காயத்துக்கென 2024 பெப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கால்விரல் தடிப்புகள் பெரும்பாலும் குளிர்க்கொப்பளம் எனப்படுபவை. இதற்கு உறைகுளிர் தேவையில்லை. ஈரக் குளிரில் கால் நெடுநேரம் இருந்து, பிறகு சட்டென்று சூடேறும்போது சிறு குழாய்கள் அழன்று வருவது. ஓரிரண்டு கிழமையில், சில வேளை மூன்று கிழமையில், தானாக ஆறும். சொறியாதீர்கள், ஹீட்டரில் காலை வைக்காதீர்கள். கடி தாங்காவிட்டால் வைத்தியர் ஸ்ரீரொயிட் களிம்பு தருவார். தோல் வெடித்தாலோ சீழ் வைத்தாலோ உடனே காட்டுங்கள். காரணம் உங்கள் ட்ரைவ்வேயின் கொங்கிறீற்றுத்தான். காட்போட் மட்டை உருகிய பனியை உறிஞ்சி ஈரமாகிவிடும். 18 மில்லிமீற்றர் பலகை, அதன் மேல் முகாமில் படுக்கும் நீர் உறிஞ்சாத போம் பாய் என்று போட்டு அதில் நில்லுங்கள், படுங்கள். காரைத் தாங்கும் ஜக் ஸ்ராண்டுக்கும் அடியில் பலகை வேண்டும், பனிக்கட்டியின் மேல் ஸ்ராண்ட் நிற்காது. சப்பாத்துக்குள் இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் குருதி ஓடாது; ஒரு தடித்த கம்பளிக் காலுறையும் விரலை அசைக்க இடமுள்ள சப்பாத்தும் நல்லது.

நீண்ட நாள் நின்ற காரென்பதால் இன்னொன்று. சார்ஜ் இறங்கிய பற்றரி மறை 7 பாகையிலேயே உறையலாம். பக்கம் புடைத்திருந்தால் சார்ஜ் போடாதீர்கள், ஜம்ப் ஸ்டார்ட்டும் வேண்டாம். வெடித்து அமிலம் கண்ணில் தெறிக்கும். தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிய பிறகுதான் மருத்துவமனைக்கு வெளிக்கிட வேண்டும்.

குடும்ப வைத்தியரிடம் இந்த மாதமே நேரம் எடுங்கள். நாற்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய ரேனோவை மருந்தின் மீதும் குளிரின் மீதும் மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஒரு கையில் மட்டும் வருவது, விரல் நுனியில் புண், தோல் தடித்து இறுகுதல், மூட்டுநோ, விழுங்கக் கஷ்டம் இவற்றில் எது இருந்தாலும் குருதியில் ஏஎன்ஏ (உடலைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்) பரிசோதனையும் நகக்கண் இரத்தக்குழாய்ப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். கிளினிக் அறையின் சூட்டில் உங்கள் விரல் சாதாரணமாகத்தான் இருக்கும், பார்ப்பதற்கு ஒன்றும் இராது. அடுத்த முறை வெளிறும்போது இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்து, கையின் இரு புறத்தையும் போனில் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். எந்த விரல், எந்த மூட்டு வரை, எத்தனை நிமிடத்தில் நிறம் திரும்பியது என்பதையும் அதோடு குறித்துக்கொள்ளுங்கள்.