பழைய பிக்கப் வண்டியில் பவர் ஸ்டீயரிங் கோளாறு: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பழைய டீசல் பிக்கப் ஓட்டுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாமே பெல்ட்டில் ஓடும் பம்ப், ஆயில் அழுத்தத்தைக் கொண்டு உதவும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பற்றியவை.

கடலூர் முதுநகர், மீன் ஏற்றும் வண்டி: ஐயா, துறைமுகத்தில் வண்டியைத் திருப்பும்போது பம்ப் உறுமுகிறது. கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பட்டறையில் பம்பையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

சற்றுப் பொறுங்கள். இன்ஜினை ஓடவிட்டு பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் நுரைத்துக்கொண்டோ, நுண்ணிய குமிழ்களால் வெளுத்தோ இருந்தால் உறுமலுக்குக் காரணம் உள்ளே நுழையும் காற்றுதான். டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸில் அழுத்தம் கிடையாது. பம்ப் அதன் வழியே ஆயிலை உறிஞ்சுகிறது. ஆகவே அங்கே கிளாம்ப் தளர்ந்தாலோ ரப்பர் இறுகி வெடித்தாலோ ஆயில் வெளியே வராமலேயே காற்று மட்டும் உள்ளே போகும். ஒழுகல் இல்லை என்பதால் ஹோஸைச் சந்தேகிக்காமல் விட்டுவிடுவதும், நல்ல பம்பைக் கழற்றி எறிவதும் இப்படித்தான் நேர்கிறது. உப்புக் காற்றில் கிளாம்பின் திருகு துருவேறி, இறுகியதுபோல் தோற்றம் தரும். கையால் ஹோஸைத் திருகிப் பார்த்தால் அது சுழலும். ஹோஸையும் கிளாம்பையும் புதிதாகப் போடுங்கள். டப்பாவின் அடியில் வலை இருந்தால் அதையும் பாருங்கள், அது அடைத்துக்கொண்டாலும் இதே சத்தம் வரும்.

பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். முன்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, இன்ஜினை அணைத்த நிலையிலேயே ஸ்டீயரிங்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பதினைந்து, இருபது முறை மெதுவாகத் திருப்புங்கள். இடையிடையே ஆயில் மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வாருங்கள். குமிழ் நின்ற பின் இன்ஜினை ஸ்டார்ட் செய்து மறுபடியும் திருப்புங்கள். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றையும் ஆயிலையும் கலந்து அடித்துவிடும். அப்புறம் நுரை அடங்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும் உறுமினால் பம்பைப் பற்றி யோசிக்கலாம்.

வில்லியனூர்: ஐட்லிங்கில் ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது, ரேஸ் கொடுத்தால் இலகுவாகிறது. ஃபுல் கட் அடித்தால் கிறீச்சிடுகிறது.

கிறீச்சிடுவது பெல்ட். ஃபுல் கட்டில், அதாவது ஸ்டீயரிங்கை ஓரம்வரை திருப்பும்போது, பம்பின் சுமை உச்சத்துக்குப் போவதால் தளர்ந்த பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தால் அதை இழுத்துக் கட்டிப் பயனில்லை, மாற்றுங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமுங்குவது பொதுவான அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. அளவுக்கு மீறி இழுத்தால் பம்பின் பேரிங்கும் ஆயில் சீலும் கெடும். பெல்ட் சரியாக இருந்தும் கனம் குறையாவிட்டால், புதிய பம்ப் வாங்குவதற்கு முன் அழுத்தமானி பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: ஃபுல் கட்டில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள், ஆயில் கொதித்துப்போகும்.

பண்ருட்டி, பலாப்பழம் ஏற்றுபவர்: எப்போதும் கனம். திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை.

இது பவர் ஸ்டீயரிங் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். முன் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, முன்புறத்தைத் தூக்கி, சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனைகளைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மட்டும் கையால் திருப்புங்கள். சக்கரமே முரண்டு பிடித்தால், அது திரும்பும் மூட்டான பால் ஜாயிண்ட்டோ கிங் பின்னோ கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கிறது. சக்கரம் தாராளமாகத் திரும்பி, ஸ்டீயரிங் மட்டும் கனத்தால் தண்டிலுள்ள யுனிவர்சல் ஜாயிண்ட்டைப் பாருங்கள். கீழ் ஜாயிண்ட்டில் தண்ணீர் பட்டுப் பட்டு ஊசி பேரிங் துருப்பிடித்துப்போவது நம் கரையோர வண்டிகளில் வழக்கம்.

நெய்வேலி: இடப்பக்கம் இலகு, வலப்பக்கம் கனம்.

இரு பக்க டயர் காற்றும் அலைன்மென்ட்டும் சரி என்றால், ஸ்டீயரிங் பெட்டிக்குள் இருக்கும் வால்வோ உள் சீலோ தேய்ந்திருக்கிறது. பம்ப் இரு பக்கத்துக்கும் பொது. அதை மாற்றினால் இது தீராது. பெட்டியை ஸ்டீயரிங் வேலை மட்டுமே செய்யும் இடத்தில் கொடுத்துப் பழுது பாருங்கள்.

அரியாங்குப்பம்: ஓட்டுநர் தவறுதலாக பவர் ஸ்டீயரிங் டப்பாவில் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டார். ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள், ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். பிரேக் ஆயில் பட்டால் இந்த அமைப்பின் ரப்பர் சீல்கள் உப்பி இளகிவிடும். இன்ஜின் ஓடவில்லை என்றால் டப்பாவை உறிஞ்சித் துடைத்தாலே பெரும்பாலும் தப்பிக்கலாம். ஓடியிருந்தால் டப்பாவுக்கு ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, சுத்தமான ஆயில் வரும்வரை முழுவதும் கழுவ வேண்டும். பல வண்டிகளுக்குச் சிவப்பு நிற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தான் என்றாலும் நிறத்தை நம்பாமல் டப்பா மூடியிலோ கையேட்டிலோ உள்ள வகையையே வாங்குங்கள். மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதையும் இப்படியே கழுவி எடுங்கள்.

பாகூர்: பம்பிலிருந்து ஆயில் போகும் அழுத்தக் குழாயில் கசிவு. ரப்பர் சுற்றிக் கிளாம்ப் போட்டால் போதாதா? கசிவு நிறுத்தும் மருந்து ஊற்றலாமா?

இரண்டும் வேண்டாம். ஃபுல் கட்டில் அந்தக் குழாயின் அழுத்தம் டயர் காற்றைப்போல் இருபது மடங்குக்கு மேல் போகும். கிளாம்ப் பிய்த்துக்கொண்டு, ஆயில் சூடான சைலன்சர் குழாயில் பீய்ச்சினால் வண்டி தீப்பிடிக்கும். முழுக் குழாயையும் மாற்றுங்கள். அந்த மருந்து சீலை உப்பவைத்துச் சில நாள் ஏமாற்றுமே தவிர, வெடித்த குழாயை ஒட்டாது.

குறிஞ்சிப்பாடி: ஸ்டீயரிங்கை நாலு விரல் அளவு ஆட்டிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. மெக்கானிக் ஸ்டீயரிங் பெட்டியின் திருகை இறுக்கிவிட்டார். இப்போது நடுவில் பிடிக்கிறது.

இங்கே வந்த கேள்விகளில் உடனே கவனிக்க வேண்டியது உங்களுடையது. சரிசெய்யும்வரை லோடு ஏற்றாதீர்கள். பெட்டியின் பற்களுக்கிடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அந்தத் திருகு கடைசியாகத் தொட வேண்டியது. தேய்ந்த மூட்டுகளை விட்டுவிட்டு அதை இறுக்கினால் பெட்டியின் பற்களும் கெடும். திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் சிறிதாக ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்க்கட்டும். ஒரு கம்பி அசைந்து அடுத்தது அசையாமல் தாமதிக்கும் இடத்தில்தான் தேய்மானம் இருக்கிறது. பெட்டியிலிருந்து கம்பிகளை அசைக்கும் டிராப் ஆர்மின் நட்டு, டை ராடு முனைகள், பெட்டியைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள், வீல் பேரிங் ஆகிய அனைத்தையும் பாருங்கள். டை ராடு முனையை மாற்றினால் அலைன்மென்ட் செய்தாக வேண்டும். கழலாமல் தடுக்க ஸ்ப்ளிட் பின் போடும் வகை நட்டாக இருந்தால் பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட விடாதீர்கள். புதுப் பின் போட்டு மடக்கியிருப்பதை நீங்களே குனிந்து பார்த்த பிறகு வண்டியை எடுங்கள்.